மனச்சான்றும் மின்னலையும்

குற்றஞ் செய்தவனைத் தண்டித்தற்கு அறிஞர் கூறும் காரணங்கள் பல. செய்த தீமைக்கு ஈடு செய்வித்தல் ஒன்று. பிறர் அஞ்சுமாறு செய்தல் ஒன்று. குற்றவாளியைத் திருத்தி மீண்டும் ஊரோடு வாழவிடுதல் மற்றொன்று. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது ஒரு நம்பிக்கையின்மேல் நிற்பது. மனிதன் பட்டறிவினாற் கற்கக்கூடியவன், தான் செய்த தீங்கை எண்ணி உள்ளம் நோகக்கூடியவன் என்பதே அந்நம்பிக்கை. இதற்கு விலக்கானவர் என ஒரு சாராரைக் கடந்த இருநூறு ஆண்டுகளாக வைத்தியரும் நீதிபதிகளும் சுட்டி வந்துள்ளனர். அவர்களுடைய அறிவு தெளிவானது, பேச்சு இனிமையானது, நன்று எது, தீது எது எனக் கேட்டால் வழுவின்றி விடை கூறுவர். ஆயினும், பிறர் படும் துன்பம் அவர்கள் நெஞ்சைத் தொடுவதில்லை. தண்டனை அவர்களை அச்சுறுத்துவதில்லை. கழிவிரக்கம் என்பது அவர்களிடத்துச் சொல்லளவில் நின்றுவிடுகின்றது. ஆங்கிலத்திற் சைக்கோபதி என வழங்கும் இந்நிலையைத் தமிழில் உளப்பிறழ்வு எனக் குறிக்கலாம்.

2015ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டுத் தூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், கொடுங்குற்றம் புரிந்து தடுத்துவைக்கப்பட்டிருந்த உளப்பிறழ்வாளர் 14 பேருக்குத் தம் மூளையின் மின்னியக்கத்தைத் தாமே அடக்கியாளும் பயிற்சியை அளித்து, அதன் பயனை வெளியிட்டனர். சிறிய ஆராய்ச்சியே எனினும், அதன் பின்னணியில் நீண்டதொரு வரலாறு உண்டு. திருத்த முடியாதவன் என ஒருவனை யார் தீர்மானித்தனர், எக்கருவி கொண்டு தீர்மானித்தனர், அத்தீர்மானம் அவனை எங்குக் கொண்டுசென்று விட்டது என்பனவே அவ்வரலாறு எழுப்பும் வினாக்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திற் பாரிசு நகரத்துப் பிசெத்ர் வைத்தியசாலையிற் கடமையேற்ற பிலிப் பினெல் என்பார், 1801இல் உளநோய் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அக்காலத்திற் பித்து என்றால் அறிவு மயங்குதல் என்பதே பொது வழக்கு. பினெலோ அறிவு மயங்காத பித்து என ஒரு வகையை எடுத்துக்காட்டினார். அவர் விவரித்தவருள் ஒருவன் செல்வக்குடியிற் பிறந்தவன். தாயின் அளவிறந்த செல்லத்தில் வளர்ந்தவன். தன் காணி நிலங்களை மேற்பார்வை செய்தற்கு வேண்டிய அறிவெல்லாம் குறைவின்றிப் பெற்றவன். தன்னை ஏசிய பெண்ணொருத்தியைச் சினத்தினாற் கிணற்றுள் தள்ளிவிட்டான். நீதிமன்றம் அவனைப் பிசெத்ருக்கு அனுப்பியது. அவனிடத்துப் பொய்த்தோற்றமோ பிதற்றலோ எதுவும் இல்லை. நோய் அறிவில் அன்று, உணர்ச்சியிலும் இச்சையிலுமே உளது எனப் பினெல் முடிவு செய்தார். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அவர் அவனை நோயாளியாகக் கண்டாரேயன்றி மனித இனத்துக்குப் புறம்பானவனாகக் காணவில்லை என்பதாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரத்து வைத்தியர் யேம்ஸ் கௌல்ஸ் பிரிச்சாட் 1835இல் இக்கருத்தை விரித்து, ஒழுக்கப் பித்து என்னும் பெயரை வழங்கினார். இப்பெயர் நீதிமன்றங்களிற் பெருங் குழப்பத்தை விளைத்தது. தீயொழுக்கமே நோயாயின் தண்டனைக்கு இடமேது என வழக்கறிஞர் வினவினர். எட்டாண்டுகளின் பின், 1843இல், பிரதம மந்திரியின் செயலாளர் ஒருவரைச் சுட்டுக்கொன்ற மக்நோட்டன் பித்தன் என விடுதலை பெற்றான். அதனால் எழுந்த கிளர்ச்சியிடையே பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. தான் செய்வது இன்னது என்பதை அறியாதவனும், அது தவறு என்பதை அறியாதவனுமே பித்தின் காரணமாகப் பொறுப்பினின்று நீங்குவர் என்பது அவர்கள் கூறிய விடை. அறிதல் என்னும் ஒரு சொல்லின்மேல் சட்டம் தன் அளவுகோலை நாட்டியது. அறிந்தும் உணராதவன் அவ்வளவுகோலின்படி முழுப்பொறுப்புடையவன் ஆனான். வைத்தியர் கண்ணுக்கு நோயாளியாகத் தோன்றியவன் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தோன்றினான். இம்முரண் இற்றைவரை தீர்ந்தபாடில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளவைக் கருவிகள் இவ்விவாதத்துள் நுழைந்தன. இத்தாலிய வைத்தியர் செசாரே லொம்புரோசோ 1876இல் குற்றவாளி மனிதன் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கள்வன் ஒருவனின் மண்டையோட்டிற் பின்புறம் கண்ட குழியொன்றே அவர் கொள்கைக்கு வித்து. குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி. மனிதன் கடந்துவந்த பழம் பருவத்தின் எச்சம். அவன் தாடையும் காதும் நெற்றியும் அதற்குச் சான்று என்பது அவர் துணிபு. கவைமானிகளும் நாடாக்களும் கொண்டு ஐரோப்பிய மறியற்சாலைகளெங்கும் தலைகள் அளக்கப்பட்டன. பின்னர் ஆங்கில மறியற்சாலை வைத்தியர் சாள்ஸ் கோறிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, பிறருடன் ஒப்பிட்டு, உடலமைப்பாற் பிரித்தறியத்தக்க குற்றவாளி இனம் என ஒன்று இல்லை என 1913இல் வெளியிட்டார். கொள்கை வீழ்ந்தது. எனினும், குற்றத்தின் முத்திரை உடலில் எங்கேனும் பதிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வீழவில்லை. அது மண்டையோட்டிலிருந்து அதனுள்ளே இருந்த மூளைக்கு இடம் பெயர்ந்தது.

அப்பெயர்ச்சிக்கு வேண்டிய சொல் தென் ஜேர்மனியிற் பிறந்தது. சுவீபால்ற்றன் என்னும் ஊரில் உளநோயாளர் இல்லத்தை நடத்திய யூலியஸ் கொக், 1891இல் உளப்பிறழ்வு என்னும் சொல்லை உளக் குறைபாடுகளின் தொகுதிப் பெயராக வழங்கினார். 1923இல் கேட் ஸ்னைடர் என்பார், தம் இயல்பினால் தாமே துன்புறுவோரும் தம்மாற் சமுதாயம் துன்புறச் செய்வோரும் இதனுள் அடங்குவர் என வகுத்தார். இச்சொல்லுக்கு இன்று வழங்கும் குறுகிய பொருளை அளித்தவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து வைத்தியர் ஹேவி கிளெக்லி. நல்லறிவின் முகமூடி எனப் பொருள்படும் பெயருடன் 1941இல் வெளிவந்த அவரது நூல், கவர்ச்சியான பேச்சும் பொய்ம்மையும் நாணமின்மையும் அன்பின் வறுமையும் கொண்ட மாந்தரை ஒருவர்பின் ஒருவராக வரைந்து காட்டியது. அவருட் பலர் கொலைகாரர் அல்லர். தம் வாழ்வையும் சுற்றத்தார் வாழ்வையும் சீரழித்தவரே பெரும்பாலார். அவர்களைக் குணப்படுத்தும் வழி எதனையும் காணாது கிளெக்லி மனஞ் சலித்தார்.

கனடாவின் உளவியலறிஞர் ரொபேட் ஹெயர் அவ்வோவியங்களை எண்களாக மாற்றினார். 1980இல் முதல்வடிவு பெற்று 1991இற் திருத்தி வெளியிடப்பட்ட அவரது பட்டியல் 20 கூறுகளைக் கொண்டது. கூறு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, முழுத்தொகை 40, வட அமெரிக்காவில் 30ஐ எட்டியவன் உளப்பிறழ்வாளன் எனக் கொள்ளப்படுவான். ஐரோப்பாவிற் பலவிடங்களில் 25 போதும். ஒரு கடலைக் கடந்த மாத்திரத்தில் ஒருவனின் பெயர் மாறிவிடக்கூடும் என்பதை இவ்வேற்றுமை காட்டுகின்றது. அப்பட்டியல் ஆராய்ச்சிக்குப் பேருதவி புரிந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், விடுதலைச் சபைகளிலும் நீதிமன்றங்களிலும் அது புகுந்தபோது, ஆராய்ச்சியாளனின் அளவுகோல் கைதியின் தலைவிதியாயிற்று.

இதற்கிடையில் வேறொரு கருவி தோன்றியிருந்தது. ஜேர்மனியின் யேனா நகரத்து உளநோய் வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவு செய்தார். கல்வனோமானியின் நுண்ணிய அசைவில் அவர் கண்டது நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழுந்து வீழும் அலை. அது மூளையினின்று வருவதா, தசை அசைவினால் விளைவதா எனத் தாமே ஐயுற்று, ஐந்தாண்டுகள் சோதித்து, 1929இலேயே வெளியிட்டார். 1934இற் கேம்பிரிட்சில் ஏட்றியனும் மத்தியூசும் அதனை உறுதிப்படுத்தும்வரை பேர்கரின் கூற்றை உலகம் பொருட்படுத்தவில்லை. உறுதிப்பட்ட பின்னரோ, மனத்தின் இரகசியமெல்லாம் அக்காகிதச் சுருளில் எழுதப்பட்டுள்ளது போன்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

எட்டாண்டு கழியுமுன், 1942இல், பிரித்தானிய வைத்தியர் டெனிஸ் ஹில்லும் வோட்டர்சனும் உளப்பிறழ்வாளரின் மூளையலைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் அலைகள் வழக்கத்துக்கு மாறானவை. வன்முறையாளரிடத்து இது மேலும் மிகுதி. குழந்தைப் பருவத்துக்குரிய மெதுவான அலைகள் வளர்ந்தோரிடம் காணப்பட்டமையால், அவர்களுடைய மூளை முதிர்ச்சியடையவில்லை என்னும் விளக்கம் கூறப்பட்டது. எஞ்சிய பாதிப்பேரின் அலைகள் பிறருடையவை போன்றிருந்தமையும், குற்றமே அறியாத சிலரிடத்தும் அத்தகைய அலைகள் உள்ளமையும் பின்னர்ப் பலராலும் மறக்கப்பட்டன. கவைமானியின் இடத்தில் மின்வாய் வந்தமர்ந்தது. கருவி நுட்பமாயிற்று, அதனிடம் கேட்கப்பட்ட வினா மாறவில்லை. இவன் பிறரினின்று வேறானவனா என்பதே அவ்வினா. இவன் கற்கக்கூடுமா என எவரும் அக்கருவியைக் கேட்கவில்லை.

கற்றல் பற்றிய வினாவை அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் லிக்கன் 1957இல் வேறு வழியில் எழுப்பினார். நெம்புகளை வரிசையாக அழுத்திக் கடக்கவேண்டியதொரு புதிரைக் கைதிகளுக்குக் கொடுத்தார். தவறான நெம்புகளுள் ஒன்றை அழுத்தினால் மின்னதிர்ச்சி தாக்கும். உளப்பிறழ்வாளர் புதிரின் வழியைப் பிறர்போலவே கற்றனர். அதிர்ச்சி தரும் நெம்பை விலக்க மட்டும் கற்றாரல்லர். வருந்துன்பத்தை எண்ணி முற்பட அஞ்சும் ஆற்றல் அவர்களிடம் குன்றியுள்ளது என அவர் முடிவு செய்தார். தண்டனையால் இவர்கள் திருந்தார் என்பதற்கு இஃது அரிய சான்றாக எடுத்தாளப்பட்டது. ஆயின் 1970இல் சுமோக் என்பார் அதே வகைச் சோதனையில் அதிர்ச்சிக்குப் பதிலாகக் கைக்காசு இழப்பைத் தண்டனையாக்கியபோது, உளப்பிறழ்வாளர் தவறை விலக்க நன்றாகவே கற்றனர். கற்கும் ஆற்றல் அற்றுப்போகவில்லை. எது அவர்கள் மனத்திற் படுகின்றதோ அதனாற் கற்றனர். இம்முடிவு முன்னதைப்போலப் பரவவில்லை. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்னும் பழமொழிக்கு ஒத்த செய்தியையே உலகம் விரும்பிக் கேட்டது போலும்.

திருத்துதற்கெனச் செய்யப்பட்ட முயற்சிகளுள் மிகக் கசப்பானது கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் நிகழ்ந்தது. பெனற்றாங்குயிசின் என்னும் ஊரில், ஓக் றிட்ச் எனப்பட்ட உயர்காவல் உளநோய் வைத்தியசாலையில், எலியற் பார்க்கர் என்னும் வைத்தியர் 1960களின் நடுப்பகுதியிற் புதியதொரு முறையைத் தொடங்கினார். நோயாளரே ஒருவர்க்கொருவர் வைத்தியராயினர். சாளரமற்ற சிறு அறையிற் சிலர் ஆடையின்றி நாட்கணக்கில் ஒருமித்து அடைக்கப்பட்டனர், உணவு சுவரிற் பொருத்திய குழாய்களின் வழியே நீர்வடிவில் வந்தது, எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் புகட்டப்பட்டன. முகமூடியைக் கிழித்தால் உள்ளிருக்கும் மனிதன் வெளிப்படுவான் என்பது அம்முறையின் அடிப்படை. அந்நாளில் இது முன்னேற்றமான மனிதநேய முயற்சி எனப் போற்றப்பட்டது.

1992இல் றைஸ், ஹரிஸ், கோமியர் என்னும் மூவர், அங்கிருந்து வெளியேறியவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தனர். உளப்பிறழ்வு இல்லாதோர் அம்முறையாற் சிறிது நன்மையடைந்திருந்தனர். உளப்பிறழ்வாளரோ, மறியற்சாலையில் அடைக்கப்பட்ட தம்மையொத்தாரிலும் மிகுதியாக வன்குற்றம் புரிந்திருந்தனர். சிகிச்சை இவர்களை மேலும் தீயவராக்கும் என்னும் வாய்பாடு இவ்வாராய்ச்சியினின்று பிறந்து, பாடநூல்களிலும் தீர்ப்புகளிலும் இடம் பெற்றது. கூர்ந்து நோக்குமிடத்து, அவ்வாராய்ச்சி காட்டியது வேறு. ஆடை களைந்து, மருந்து புகட்டி, ஒருவரையொருவர் வதைக்கவிட்ட ஒரு முறை தீங்கு விளைத்தது என்பதையே அது காட்டியது. சிகிச்சையின் குற்றம் நோயாளியின் இயல்பாக எழுதப்பட்டது. 2017ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேனீதிமன்ற நீதிபதியொருவர் அம்முறைகள் சித்திரவதையாகும் எனக் கூறினார். 2020இல் அரசும் வைத்தியரும் வழக்காளிகளுக்குப் பொறுப்புடையவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர்களுடைய முறைப்பாடு செவியேறியது.

அடைபட்டவனின் சம்மதம் எத்துணை மதிப்புடையது என்னும் வினா அதற்கு முன்னரே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எழுந்திருந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞன், குற்ற விசாரணை இன்றியே, உளப்பிறழ்வாளருக்கென வகுத்த சட்டமொன்றின் கீழ் 1955இல் உளநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டான். பதினேழு ஆண்டுகளின் பின், 1972இல், மூளையுள் மின்வாய்களைச் செலுத்தி, வன்முறைக்கு மூலமெனக் கருதப்பட்ட பகுதியை அழிக்கும் சிகிச்சைக்கு அவன் தெரிந்தெடுக்கப்பட்டான். அவனும் அவன் பெற்றோரும் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிட்டிருந்தனர். 1973இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. வெளியேறும் வழி வேறெதுவும் இல்லாதவன், தன்னை அடைத்துவைத்திருப்போர் நீட்டும் பத்திரத்தில் இடும் கையொப்பம் தன்விருப்பமான சம்மதம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அவனை அடைத்துவைத்தமையே அரசியலமைப்புக்கு முரணானது எனவும் அந்நீதிமன்றம் கண்டு அவனை விடுவித்தது. அடைப்பு முறையற்றது எனத் தெரிந்ததும் அவன் தன் சம்மதத்தை மீளப் பெற்றுக்கொண்டான். நீண்ட தருக்கங்களால் நிறுவவேண்டியதை அவன் ஒரு செயலால் நிறுவிக்காட்டினான்.

மூளையைத் தீர்ப்பிடும் கருவி, மூளைக்குக் கற்பிக்கும் கருவியாக மாறியது குற்றவியலுக்குப் புறத்தேயாம். சிக்காகோ பல்கலைக்கழகத்து யோ கமியா 1950களின் இறுதியில், தம் மூளையில் அல்பா அலை எழும் வேளையைப் பிறர் சரியாகக் கூற முடியுமா எனச் சோதித்தார். கூறியது சரியா தவறா என உடனுக்குடன் அறிவித்தபோது, பலர் சில நாட்களிற் சரியாகக் கூறக் கற்றனர். பின்னர் அவ்வலையை விரும்பியவாறு எழுப்பவும் கற்றனர். கலிபோர்னியாவிற் பாரி ஸ்ரேமன், நொடிக்கு 12 முதல் 15 வரையான அலையை எழுப்பும்போதெல்லாம் பூனைகளுக்குப் பால் முதலிய உணவளித்து, அவ்வலையை வளர்த்தார். அவ்வாறு பழகிய பூனைகள் வலிப்பு உண்டாக்கும் உந்துகணை எரிபொருளைப் பிறவற்றிலும் நெடுநேரம் தாங்கின. 1972இல் வலிப்புநோயுற்ற பெண்ணொருத்திக்கு அப்பயிற்சியால் நோய் தணிந்ததாக அவர் அறிவித்தார். காணாத ஒன்றைக் கண்ணுக்கோ செவிக்கோ புலப்படுத்தினால், அதனை ஆளக் கற்கலாம் என்பதே இம்முறையின் உட்பொருள். கண்ணாடியின் முன் நின்று முகபாவத்தைத் திருத்தும் நடிகனின் பயிற்சியை ஒத்தது இது. மூளையலைப் பின்னூட்டல் என இதனை வழங்கலாம்.

தூபிங்கனில் நீல்ஸ் பிர்பௌமர் குழுவினர் வேறோர் அலையை எடுத்துக்கொண்டனர். சில நொடிகள் நீடித்து மெல்ல எழுந்து வீழும் மின்னழுத்த மாற்றம் அது. செயலொன்றுக்கு மூளை ஆயத்தமாகும்போது அவ்வழுத்தம் மறைப்பக்கம் சாயும். கிளர்ச்சி அடங்கும்போது நேர்ப்பக்கம் சாயும். எதிர்பார்ப்புடன் எழும் இத்தகைய அலையை 1964இற் பிரிஸ்ரலில் கிறே வோல்ற்றர் விவரித்திருந்தார். அதனை ஆளும் பயிற்சியைத் தூபிங்கன் குழுவினர் முதலில் வலிப்பு நோயாளருக்கு அளித்தனர். 1999இல், உடல் முழுதும் செயலிழந்த நோயாளர் அவ்வலையின் துணைகொண்டு கணினித் திரையில் எழுத்துகளைத் தெரிந்தெடுத்துச் செய்தி எழுதினர். 2005இல் அக்குழுவினரே, துன்பத்தை எதிர்பார்க்கும் வேளையில் உளப்பிறழ்வாளரின் மூளையில் அச்சத்துக்குரிய பகுதிகள் போதிய அளவு எழுச்சியுறுவதில்லை எனப் படமெடுத்துக் காட்டினர். லிக்கன் 1957இல் உய்த்துணர்ந்தது கண்ணுக்குப் புலப்பட்டது. குறைபாடு இதுவெனத் தெரிந்தால் அதனைப் பயிற்சியால் நிரப்பலாமோ என்பது அடுத்த வினா.

லிலியன் கொனிகாரும் பிர்பௌமர் முதலியோரும் 2015இல் வெளியிட்டது அவ்வினாவுக்கான முதல் விடைகளுள் ஒன்று. 14 பேரும் 25 பயிற்சி அமர்வுகளிற் பங்குபற்றினர். தலையின் முன்னடுப் பகுதியில் மின்வாய் பொருத்தப்பட்டது. அலை மாறுந்தோறும் அம்மாற்றம் திரையிற் புலனாயிற்று. அழுத்தத்தை ஒருகால் மறைப்பக்கமும் ஒருகால் நேர்ப்பக்கமும் சாய்க்குமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். எவ்வாறு சாய்ப்பது என்பதை எவரும் கற்பிக்க இயலாது. முயன்று, தவறி, மீண்டும் முயன்று தாமே கண்டறிதல் வேண்டும். அவர்கள் கற்றனர். பயிற்சிக்குப் பின் வன்முறை நாட்டமும் முன்பின் எண்ணாது செயற்படும் இயல்பும் குறைந்தன. தம் பிழையை மூளை உணரும்போது எழும் மின்னலை வலுவடைந்தது. வெளியிட்டோர் இதனை மாற்றத்துக்கு இசையாதவர் எனக் கருதப்பட்டோர்க்குப் புதியதொரு வழியாகலாம் என அடக்கமாகவே கூறினர்.

அவ்வடக்கம் தேவையானதே. 14 என்பது சிறிய தொகை. வன்முறை நாட்டம் குறைந்தமை, பெரிதும் வினாத்தாள்களில் அவர்கள் தாமே அளித்த விடைகளால் அறியப்பட்டது. பொய்யுரைத்தலையே இலக்கணமாகக் கொண்டவரின் வாக்குமூலத்தை அளவுகோலாக்குதல் எளிதன்று. மேலும், 25 முறை ஒரு மனிதன்முன் அமர்ந்து, அவன் முயற்சியைக் கவனித்து, வெற்றியைப் பாராட்டும் ஒருவர் இருந்தார் என்பதை மறத்தலாகாது. மறியலில் அத்தகைய கவனம் கிடைத்தற்கரியது. பயன் விளைத்தது அலையா, அக்கவனமா என்பது பொய்ப்பயிற்சி பெற்றாருடன் ஒப்பிட்டாலன்றி விளங்காது. கவனக்குறைவுற்ற சிறுவர் 144 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2020இல் வெளிவந்த ஆராய்ச்சியில் அவ்வொப்பீடு செய்யப்பட்டது. உண்மைப் பயிற்சி பெற்றோரும் பொய்ப்பயிற்சி பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். ஒன்ராறியோ மறியற்சாலையொன்றில் டக்ளஸ் குவேர்க் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், அமர்வுகள் மிகுந்தோரிடத்து மீண்டும் குற்றம் புரிதல் குறைந்திருந்தது. ஆயின், நெடுங்காலம் பயிற்சியில் நிலைத்து நின்றோர் முன்னரே மாற விரும்பியவராகவும் இருக்கலாமன்றோ? திரையிலுள்ள குறியை அசைக்கக் கற்றவன், வெளியே ஒருவன் ஏசும்போது கையை அடக்கக் கற்றான் என்பதற்கு அவ்வசைவு மட்டும் சான்றாகாது.

எனினும், இவ்வாராய்ச்சியின் பெறுமதி வேறோரிடத்து உண்டு. இவர்கள் கற்கார் என்னும் பழந் தீர்ப்பின் அடியில் அது கைவைத்தது. இதற்குத் துணையாக நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றையும் கூறலாம். ஒரு கை மற்றொரு கையை அன்பாகத் தொடுவதையும் நோகுமாறு அடிப்பதையும் காட்டும் படங்களை உளப்பிறழ்வாளர் கண்டபோது, பிறரிடத்து எழும் ஒத்துணர்வு அவர்கள் மூளையிற் குன்றியிருந்தது. அவ்விடத்தில் தம்மை வைத்து உணருமாறு கேட்கப்பட்டபோது, அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஒத்துணரும் ஆற்றல் அற்றவர் என எண்ணப்பட்டோரிடம் ஆற்றல் உறங்கிக் கிடந்தது. தானாக விழிக்கும் வழக்கமே இல்லாதிருந்தது. ஆற்றலின்மையும் வழக்கமின்மையும் ஒன்றல்ல. முன்னதற்கு மருந்தில்லை, பின்னதற்குப் பயிற்சி உண்டு.

மின்வாய்கள் எதுவுமின்றியே இதற்கு ஒத்த பயனை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் கண்டுள்ளது. மறியற்சாலைகள் அடக்கமாட்டாது கைவிட்ட இளங்குற்றவாளிகளுக்கென 1995இல் மென்டோற்றா என்னுமிடத்தில் ஒரு சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. தண்டனையைக் கூட்டுவதால் எதிர்ப்புக் கூடுகின்றது, எதிர்ப்புக் கூடுவதாற் தண்டனை கூடுகின்றது என்னும் சுழலை முதலில் தளர்த்துவது அதன் வழி. ஒவ்வொரு நாளின் நடத்தைக்கும் மறுநாளே சிறு பயன் கிடைக்கும். சுமோக்கின் காசும், கமியாவின் உடனறிவிப்பும், தூபிங்கனின் திரையும் போல, செயலுக்கும் பயனுக்கும் இடையிலுள்ள காலத்தைக் குறுக்குதலே இங்கும் நிகழ்ந்தது. அங்கு வைக்கப்பட்டோர் பின்னாளிற் புரிந்த வன்குற்றம், வழமையான மறியலிற் கழித்தோரினும் பெரிதும் குறைந்தது எனக் கோல்ட்வெல் முதலியோர் காட்டினர்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். மண்டையோட்டை அளந்த கவைமானியும், அலையை வரைந்த காகிதச் சுருளும், 40 புள்ளிப் பட்டியலும் ஒரு மனிதன் இப்பொழுது எவ்வாறு உள்ளான் என்பதைக் கூற முயன்றவை. அவற்றைக் கையாண்டோர், அவன் என்றும் அவ்வாறே இருப்பான் என அவற்றின் வாயிற் சொல்லேற்றினர். நிலையைக் கூறும் கருவிக்கு எதிர்காலத்தைக் கூறும் அதிகாரம் எவரும் அளிக்கவில்லை. அது தானாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்னூட்டற் பயிற்சியின் தனிச்சிறப்பு, அதே மின்வாயைக் கொண்டு எதிர்காலத்தைச் சோதனைக்குட்படுத்தியமையே. அளக்கப்படுபவன் தன் அளவையைத் தானே பார்க்கவும் மாற்றவும் இடம்பெற்றான்.

ஆயினும், ஓக் றிட்சின் அறையும் மிச்சிகனின் பத்திரமும் இப்புதிய முறைக்கும் எச்சரிக்கையாக நிற்கின்றன. அங்கும் நல்ல நோக்கமே இருந்தது, கையொப்பமும் இருந்தது. பயிற்சிக்கு வர மறுத்தவன் திருந்த மனமில்லாதவன் எனக் குறிக்கப்படின், அல்லது அலையை நன்றாக அசைத்தவனுக்கு விடுதலை விரைவுபடின், பயிற்சி மீண்டும் தீர்ப்பாகிவிடும். ஆகவே, இம்முறையைக் கையாள விரும்பும் நாடுகள், மறுத்தவனுக்கு எத்தீங்கும் நேராதென்னும் உறுதியை முதலிலும், பொய்ப்பயிற்சியுடன் ஒப்பிட்ட நேர்மையான சோதனையை அடுத்தும், வெளியேறியவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தலை அதன்பின்னும் கொள்ளல் வேண்டும். வெளியே இருப்போரின் பாதுகாப்பும் இதனையே வேண்டி நிற்கின்றது. தண்டனைக் காலம் முடிந்தவுடன் அம்மனிதருட் பலர் ஊருக்குத் திரும்புவர். அவர்களைக் கற்கவிடாது வைத்திருந்ததன் விலையைக் கொடுப்போர், கிணற்றில் தள்ளப்பட்ட அப்பெண்ணைப்போல், அவர்கள் வழியில் எதிர்ப்படும் எளிய மாந்தரே.